களஞ்சியத்துச் சாவி இப்போ நம்ம கையில்

இந்த மலரில் நம்ம கட்டடத்தைப் பற்றி ஒரு கட்டுரை வேணும், நீ எழுது என்று தலைவி அக்கா சொன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். பெரியவங்ககிட்ட கேட்டதையும், நூலகத்தில் படித்ததையும், பிள்ளைகளோட ஃபோனில் தேடிப் பார்த்ததையும் சேர்த்து எழுதியிருக்கேன். வர்ற பொதுக்குழுவில் இந்தக் கட்டடத்தை என்ன செய்யறது என்று நாம முடிவு பண்ணணும். கை தூக்குறதுக்கு முன்னாடி அதோட கதை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். அதுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நாம மாதாந்திரக் கூட்டம் போடுற இடத்தை இப்போ எல்லாரும் "கூட்டமைப்பு ஆபீஸ்" என்று சொல்றோம். வயசானவங்க இன்னும் "பண்ணைக் களஞ்சியம்" என்றுதான் சொல்வாங்க. ஒரு காலத்தில் ஊர் நெல்லில் பெரும்பங்கு அதுக்குள்ளதான் இருந்துச்சு.

நெல்லை வைக்கத் தெரிந்த ஊர்

தஞ்சாவூர்ச் சீமையில் நெல்லை விளைவிக்கிறது ஒரு வேலை என்றால், அதைக் கெடாமல் வைக்கிறது இன்னொரு வேலை. சாதாரண வீட்டில் மண் குதிர் இருக்கும். களிமண்ணோட வைக்கோலைக் கலந்து மிதித்து, வளையம் வளையமாகச் செய்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து மெழுகுவாங்க. குதிர் செய்கிறதும் வருஷா வருஷம் மெழுகுகிறதும் பெரும்பாலும் பெண்கள் வேலைதான். கொஞ்சம் வசதியானவங்க வீட்டில் மரத்தில் செய்த பத்தாயம். மேலே கொட்டுறதுக்கு ஒரு வாய், கீழே எடுக்கிறதுக்கு ஒரு சின்னக் கதவு. அதிகமாக விளைந்துவிட்டால் வைக்கோல் புரியைச் சுற்றிச் சுற்றிச் சேர் கட்டுவாங்க. பூச்சி வராமல் இருக்க வேப்பிலை, நொச்சி இலை போடுவாங்க. எல்லாத்துக்கும் அடிப்படை ஒண்ணுதான்: நெல் காய்ந்திருக்கணும், தரை ஈரம் ஏறக்கூடாது, எலி நுழையக்கூடாது, காற்று போகணும்.

கோயில்களுக்கு நிலம் நிறைய இருந்ததால் அங்கே இதைவிடப் பெரிய களஞ்சியங்கள் இருந்தன. பாபநாசத்துக்குப் பக்கத்தில் திருப்பாலைத்துறையில், பாலைவனநாதர் கோயிலில் ஒரு நெற்களஞ்சியம் இருக்கிறது. தஞ்சாவூர் நாயக்கர் காலத்தில், 1600க்கும் 1634க்கும் நடுவில் கட்டியது. அது இரகுநாத நாயக்கர் ஆண்ட காலம். உயரம் 36 அடி. வட்டமாக எழும்பி மேலே கூம்பு மாதிரி முடியும். தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரு பெரிய குதிர் மாதிரியே இருக்கும். 3000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். எங்க பக்கத்துக் கணக்கில் 2 கலம் ஒரு மூட்டை. அப்படிப் பார்த்தால் 1500 மூட்டை. நானூறு வருஷத்துக்கு முன்னாடி, கம்பியும் சிமெண்டும் இல்லாமல், செங்கல்லையும் சுண்ணாம்பையும் வைத்து இதைக் கட்டி நிறுத்தியிருக்காங்க. இப்போ அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஸ்ரீரங்கம் கோயிலில் இதைக் கொட்டாரம் என்பார்கள். அங்கேயும் வட்ட வட்டமான பெரிய களஞ்சியங்கள் இருக்கின்றன.

நம்ம ஊரில் உள்ளது அவ்வளவு பழசும் இல்லை, வட்டமும் இல்லை. அது பண்ணைக் களஞ்சியம், நீளவாக்கில் கட்டியது. ஆனாலும் கட்டின அறிவு அதே அறிவுதான். தரை மட்டத்தில் இருந்து மூணு அடி உயர்த்தி மேடை. இரண்டடிக் கனத்தில் செங்கல் சுவர். தேக்கு உத்தரத்தின் மேல் சின்னச் செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. கூரைக்குக் கீழே வரிசையாகக் காற்றுத் துவாரம். உள்ளே நாலு அறை. அறை வாசலில் கதவுக்குப் பதிலாக இரண்டு பக்கமும் காடி வெட்டி, அதில் பலகைகளை ஒவ்வொன்றாக இறக்குவாங்க. நெல் ஏற ஏறப் பலகையும் ஏறும். எந்தப் பலகைக்கு மேல் எது என்று தெரிய, ஒவ்வொன்றிலும் தமிழ் எண் செதுக்கியிருக்கும். அந்தப் பலகைகளில் சிலது இன்னும் நம்மகிட்ட இருக்கு. கூட்டத்தில் நாம உட்காருகிற பெஞ்சுக்கு மேல்பலகை அதுதான். அடுத்த தடவை உட்காரும்போது ஓரத்தைத் தடவிப் பாருங்க, எண் கையில் தட்டும்.

வாசலுக்கு வெளியே நின்றவங்க

இதுவரைக்கும் சொன்னது கட்டடத்தின் பெருமை. இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான்.

என் அம்மாயி இந்தக் களத்தில்தான் நெல் தூற்றினாங்க. நடவு நட்டு, களை பறித்து, அறுத்து, கட்டுச் சுமந்து, தூற்றி, பதர் நீக்கிக் களஞ்சியத்துப் படிக்கட்டு வரைக்கும் கொண்டு வந்து கொட்டுறது அவங்க வேலை. படிக்கு மேலே ஏறக் கூடாது. கூலி நெல்லைக் காரியக்காரர் மரக்காலால் அளந்து போடுவார். இவங்க கீழே நின்று முந்தானையிலோ முறத்திலோ வாங்கணும். "அம்பது வருஷம் அந்த நெல்லைத் தூக்கினேன், உள்ள எப்படி இருக்கும்னு பார்த்ததில்ல" என்று சொல்லிட்டுத்தான் போனாங்க. நம்ம குழுக்களில் உள்ள பாதிப்பேரோட பாட்டிகளும் இப்படித்தான் வெளியே நின்றிருப்பாங்க.

இந்த நிலைமை தானாக மாறவில்லை. தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாட்களும் குத்தகைக்காரங்களும் சங்கமாகச் சேர்ந்து கேட்டதால்தான் 1952ல் அவர்களுக்கான பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்து, ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு வைத்தார்கள். 1970ல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கீழ்வெண்மணி நடந்தது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் முடிவில், 1968 டிசம்பர் 25 ராத்திரி, ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். அதில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அடுத்த வருஷம், 1969ல், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. மரக்காலில் கொஞ்சம் கூடுதலாக அளந்து போடச் சொன்னதுக்கு இவ்வளவு விலை கொடுத்திருக்காங்க. களஞ்சியம் என்றால் வெறும் செங்கல்லும் சுண்ணாம்பும் என்று நினைக்க என்னால் முடியாமல் போனதுக்குக் காரணம் இதுதான்.

களஞ்சியம் ஏன் காலியானது

நிலம் பிரிந்ததும், ஒரே இடத்தில் அத்தனை நெல் வந்து சேர்வது நின்றது. அதோட இன்னும் சில மாற்றங்களும் சேர்ந்துகொண்டன. 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தொடங்கியபோது, அதன் முதல் மாவட்ட அலுவலகத்தை வைத்தது நம்ம தஞ்சாவூரில்தான். 1972ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. பிறகு கிராமத்துக்குக் கிராமம் நேரடி நெல் கொள்முதல் நிலையம். நெல்லை வீட்டில் வைத்து விலை பார்த்து விற்கிற காலம் போய், அறுத்த கையோடு டி.பி.சி.க்குக் கொண்டு போகிற காலம் வந்தது. அறுவடை மெஷின் வந்த பிறகு, களத்தில் கட்டுப் பிரித்துக் காயப்போடுகிற நாலைந்து நாளும் போய்விட்டது.

விவசாயிக்கு இதில் நல்லது உண்டு. அரசு விலை கிடைக்கிறது, வியாபாரியிடம் கெஞ்ச வேண்டியதில்லை. கெட்டதும் உண்டு. மெஷினில் அறுத்த நெல்லில் ஈரம் இருக்கும். கொள்முதலுக்கு 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருக்கக் கூடாது என்பது விதி. குறுவை அறுப்பு ஐப்பசி மழையில் வந்து மாட்டும்போது, மூட்டைகள் வரிசையில் நனையும், முளைக்கும். நாமெல்லாம் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க நின்றிருக்கோம். நெல் ரோட்டில் நனைந்துகொண்டிருந்த அதே நேரத்தில், ஊர் நடுவில் ஈரம் ஏறாத நாலு அறை, வவ்வால் குடியிருந்து சும்மா கிடந்துச்சு.

காலியான கட்டடங்களுக்கு என்ன ஆச்சு

நம்ம பக்கத்தில் பல களஞ்சியங்களை உத்தரத் தேக்குக்காகவே இடித்துவிட்டார்கள். பழைய ரைஸ் மில்லும் குடோனும் கல்யாண மண்டபமான ஊர்கள் உண்டு. இன்னும் சிலது கூரை சரிந்து, உள்ளே அரசமரம் முளைத்து நிற்கிறது. மற்ற இடங்களில் என்ன செய்திருக்காங்க என்று தேடினேன். மூணு இடம் எனக்கு முக்கியமாகப் பட்டது.

முதலாவது பாட்னாவில் இருக்கிற கோல்கர். 1770ல் வங்காளத்திலும் பீகாரிலும் வந்த பெரிய பஞ்சத்துக்குப் பிறகு, இனி பஞ்சம் வந்தால் கொடுக்கத் தானியம் வேணும் என்று ஆங்கிலேயர்கள் கட்டியது. கேப்டன் ஜான் கார்ஸ்டின் கட்டி 1786ல் முடித்தார். 29 மீட்டர் உயரம், முட்டையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி இருக்கும். வெளிப்பக்கம் சுற்றிச் சுற்றி 145 படி. மூட்டையைத் தூக்கிக்கொண்டு அதில் ஏறி உச்சி ஓட்டை வழியாக உள்ளே கொட்டணும். ஆனால் அது ஒரு தடவைகூட முழுசாக நிரம்பவில்லை. கதவு உள்பக்கமாகத் திறக்கிற மாதிரி வைத்துவிட்டதால், நிரப்பினால் திறக்க முடியாது என்று ஒரு கதையும் உண்டு. இப்போ ஜனங்கள் போய்ப் பார்க்கிற இடமாக இருக்கிறது. கட்டடம் பிழைத்தது. பாட்னா மாதிரி பெரிய நகரத்துக்கு அது சரி. நம்ம களஞ்சியத்தைப் பார்க்க யார் டிக்கெட் வாங்கிக்கொண்டு வரப்போறாங்க?

இரண்டாவது இங்கிலாந்தில் கென்ட் என்கிற பகுதி. பீர் காய்ச்சுவதற்கான ஹாப்ஸ் என்கிற பூவைக் காயவைக்க, அங்கே வட்டமான சூளைக் கட்டடங்கள் கட்டினார்கள். மேலே கூம்புக் கூரை, அதன் உச்சியில் காற்றுக்குத் தக்கபடி திரும்புகிற வெள்ளைக் குல்லாய். புகைப்படத்தைப் பார்த்ததும் எனக்குக் குதிர் ஞாபகம்தான் வந்தது. காயவைக்கிற வேலை வேற இடத்துக்குப் போன பிறகு, அவற்றில் நிறைய வீடுகளாக மாறிவிட்டன. வெளித்தோற்றம் அப்படியே இருக்கு, உள்ளே குடும்பம் இருக்கு. ஆனால் ஊருக்குப் பொதுவாக இருந்த வேலையிடம் ஒரு வீட்டுக்காரங்களுக்கு மட்டும் சொந்தமாகிவிட்டது.

மூணாவது இலங்கை. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் கந்தப்பளையில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலை மூடிக் கிடந்தது. அதை 1996ல் ஓட்டலாகத் திறந்தார்கள். கொழுந்தை வாட வைக்கிற மேல்மாடிகளை அறைகளாக மாற்றிவிட்டு, பழைய இயந்திரங்களை அங்கேயே காட்சிக்கு வைத்திருக்காங்க. இது நமக்கு அந்நியக் கதை இல்லை. திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்தில் இருந்து கப்பலேறிப் போன நம்ம ஜனங்களின் பேரப்பிள்ளைகள்தான் அந்த மலையில் கொழுந்து பறிக்கிறாங்க. கட்டடத்தைக் கெடாமல் காப்பாற்றியது நல்ல காரியம்தான். ஆனாலும் கூடையோடு கொழுந்து கொண்டு வந்தவங்களில் எத்தனை பேர் அந்த அறையில் ஒரு ராத்திரி தங்க முடியும் என்று யோசித்துப் பார்த்தேன்.

இந்த மூணையும் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒண்ணு புரிந்தது. பழைய கட்டடத்தைக் காப்பாற்றினோமா என்று மட்டும் கேட்டால் போதாது. புது வேலை அந்தக் கட்டடத்தின் உடம்புக்கு ஒத்துக்குமா? அங்கே உழைத்தவங்களுக்கு அதில் இடம் உண்டா? இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்கணும்.

நம்ம கட்டடத்தில் நாம செய்தது

மிராசு குடும்பம் பட்டணத்துக்குப் போன பிறகு கட்டடத்தை ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்தாங்க. ஊராட்சி தீர்மானம் போட்டு நம்ம கூட்டமைப்புக்குப் புழங்கக் கொடுத்தது. சாவியை வாங்கின அன்று உள்ளே போக வழியில்லாமல் குப்பை. சுவரில் யாரோ எப்போதோ சிமெண்ட் பூசியிருந்தாங்க. அந்த இடத்தில் மட்டும் உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிர்ந்துச்சு. கும்பகோணத்துப் பக்கத்தில் இருந்து வந்த வயசான கொத்தனார் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும்மா. சிமெண்ட் பூசினா மூக்கைப் பொத்தின மாதிரி. உள்ள போன ஈரம் வெளிய வர வழியில்லாம கல்லைத் தின்னுடும்."

அவர் சொன்னபடி சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்தோம். சுண்ணாம்பைத் தண்ணியில் ஊறவைத்துப் புளிக்கவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணி சேர்த்துப் பூசினோம். மொட்டைமாடி ஒழுகிய இடத்தில் புதுசாகச் சுண்ணாம்புத் தளம் போட்டு, அந்தக் காலத்து முறைப்படியே வரிசையாக உட்கார்ந்து தட்டுப்பலகையால் நாள்கணக்கில் தட்டினோம். அந்த வேலைக்கு நம்ம உறுப்பினர்களே வந்தாங்க, கூலியும் நமக்குள்ளேயே இருந்துச்சு. காற்றுத் துவாரங்களை அடைக்கவில்லை, வவ்வால் வராமல் கம்பி வலை மட்டும் அடித்தோம். நெல் கொட்டுகிற மேல்வாய் இரண்டும் ஜன்னலாச்சு. ஒரு அறையில் கூட்டம் நடக்குது. இரண்டாவது அறையில் உளுந்து, பயறு இருப்பு. அறுத்த உடனே கிடைத்த விலைக்குத் தள்ளிவிடாமல், காயவைத்து ரெண்டு மாசம் வைத்து விற்க முடிகிறது. அதை ஈடாக வைத்து உள்கடனும் கொடுக்கிறோம். மாவு மெஷினின் அதிர்ச்சி பழைய சுவருக்கு ஆகாது என்பதால் அதைப் பின்பக்கம் தனிக் கொட்டகையில் வைத்தோம். மீதி இரண்டு அறையும் இன்னும் பழுது பார்க்காமல் இருக்கு.

பொதுக்குழுவுக்கு முன்னால்

இப்போ இரண்டு யோசனை வந்திருக்கு. ஒண்ணு, ஒரு வியாபாரி முழுக் கட்டடத்தையும் உரக் குடோனாகக் குத்தகைக்குக் கேட்கிறார். வாடகை நல்ல வாடகை. வங்கிக் கடன் தவணைக்கு அது உதவும் என்று சொல்கிற அக்காமார்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கு. இன்னொண்ணு, இதை இடித்துவிட்டு, நிதி கேட்டுக் கான்கிரீட் ஹால் கட்டலாம் என்பது. கழிப்பறை, சமையல் இடம் எல்லாம் வசதியாக வரும் என்கிறாங்க. அதுவும் தேவைதான், மறுக்கவில்லை.

என் கருத்தைச் சொல்லிடறேன். உரத்தின் உப்பு செங்கல்லில் ஏறினால் நாம பூசின சுண்ணாம்பெல்லாம் வீண். சில வருஷத்து வாடகை சுவரோடு போயிடும். அதைவிட முக்கியம், குத்தகைக்குக் கொடுத்தால் சாவியும் போகும். நம்ம பயறை மறுபடியும் வியாபாரி சொன்ன விலைக்கே தள்ளணும். இடித்தால், இரண்டடிச் சுவரின் குளிர்ச்சியும் ஈரம் ஏறாத மேடையும் திரும்ப வராது. அந்த மாதிரி கட்ட இன்றைக்கு நம்மகிட்ட பணமும் இல்லை, கொத்தனாரும் கிடைப்பது அரிது.

அதனால் மூணு விஷயத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கழிப்பறையும் சமையல் இடமும் களஞ்சியச் சுவரைத் தொடாமல் பின்பக்கம் தனியாகக் கட்டணும். மூணாவது அறையைப் பழுது பார்த்து, உறுப்பினர்களின் விதை நெல்லையும் மழைக்காலத்தில் காய்ந்த நெல்லையும் மூட்டைக்கு இவ்வளவு என்று சின்ன வாடகைக்கு வைக்கணும். நாலாவது அறையைச் சாயங்காலம் பிள்ளைகள் படிக்க விடணும். வருமானம் குத்தகை வாடகை அளவுக்கு உடனே வராது. ஆனால் வருவது நம்ம கணக்கில் வரும்.

இந்த மாநிலத்தில் 1989ல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கினபோது, பெண்களால் கணக்கு வைக்க முடியுமா என்று கேட்டவங்க உண்டு. இன்று நம்ம கணக்கை நாமே எழுதுகிறோம், அதுவும் காரியக்காரர் மரக்கால் வைத்து அளந்த அதே வாசலுக்கு உள்ளே உட்கார்ந்து. கை தூக்குறதுக்கு முன்னாடி ஒருதரம் நாலு அறையையும் போய்ப் பார்த்துட்டு வாங்க. சாவி பொருளாளர் அக்காகிட்ட இருக்கு. யார் கேட்டாலும் கொடுப்பாங்க.